மூணு நடை

"செழியன் பேசறேன். நடை எப்படிப் போகுது?"

இதற்கு மேல் தன்னைச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் நரம்பியல் நிபுணர் செழியனுக்கு இல்லை. கள்ளக்குறிச்சியில் அந்தப் பெயருக்கு விளக்கம் வேண்டுமா என்ன?

"வணக்கங்க சார். காலையில ரெண்டு நடை, சாயந்தரம் ஒண்ணு. நேத்து மழை, ரோடெல்லாம் சேறு. ஒரு நடை கம்மிங்க" என்றான் பூமாலை. கச்சிராயபாளையம் தங்கமணி பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து அவருடைய போனும் வேலைகளும் இவன் கையில்தான்.

"சிரமம் ஏதாச்சும்?"

"இடது பக்கம் கொஞ்சம் இழுக்குதுங்க. மேடு வந்தா திணறுது."

"போகப் போகச் சரியாயிடும்."

செழியன் பூரித்துப்போனார். இடது கையும் காலும் விளங்காமல் கிடந்தவர், மூன்றே வாரத்தில் நாளுக்கு மூன்று நடை. வீட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்திருந்த ஆளை அன்றே நிறுத்தினார். தன் மாத்திரை இருக்க, காலை நீட்டி மடக்க ஓர் ஆள் எதற்கு?

அடுத்த இரண்டு மாதமும் அதே கேள்வி, அதே பதில். பாராட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்தார். தங்கமணி வீட்டுக்கு அழைப்பிதழ் போனது. 'படுத்தவரை நடக்க வைத்த பகலவனே' என்று வாசலில் ஃபிளெக்ஸ். வாசகம் அவரே எழுதிக் கொடுத்தது.

"இப்போ என் சாதனை, தானே நடந்து உங்க முன்னாடி வரும்" என்றார் மைக்கில்.

தங்கமணியை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பூமாலையும் இன்னொருவரும் உள்ளே வந்தார்கள். இடது கால் தரையில் கோடு கிழித்தபடி தொங்கியது. தட்டத் தொடங்கிய கைகள் பாதியில் நின்றன.

பின்னால் மனைவி அமிர்தம். "சீக்கிரம் பயிற்சி ஆரம்பிச்சாதான் கால் வரும்னு நீங்கதான சொன்னீங்க. ஆளு வருவாருன்னு ரெண்டு மாசமா வாசலையே பாத்துக்கினு கெடக்கறாரு. உங்க ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டா, 'அதான் நல்லா நடக்கறாரே'ன்றாங்க. நாங்க இன்னாங்க பண்றது?"

தங்கமணியும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எச்சில்தான் வந்தது. அமிர்தம் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

மைக்கை அணைக்கக்கூடச் செழியனுக்குத் தோன்றவில்லை. "தினம் மூணு நடைன்னு போன்ல சொன்னது யாருய்யா?"

பூமாலை நாற்காலியை இறக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"அது நம்ம டிராக்டரு கரும்பு ஏத்திக்கினு போன நடைங்க... அப்போ நீங்க மில்லு செழியன் சார் இல்லீங்களா?"