சட்டம் படிக்கும் பிள்ளைக்குப் பொன்னாடை

கனடாவின் ஸ்காபரோவில் தம் வீதிக்குப் பின்னால் வரவிருந்த கழிவு ஆலையை எப்படியாவது தடுத்துவிட வேண்டுமென்று ஓடித் திரிந்த வேரோனிக்காவுக்கு, சுற்றுச்சூழல் சட்டத்தில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கும் ஜூலியஸ் வானத்திலிருந்து இறங்கிய ஒரு சம்மனசாகவே தோன்றினான். அயலவர் கூட்டத்துக்கு அவனை அழைத்துப் பொன்னாடை போர்த்தி, படத்தை வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார்.

“தம்பி, என்ன ஆராய்ச்சி செய்யிறீர்?” என்று கேட்டார்.

“ஆலையளை எதிர்க்கிற சனங்கள் எங்க பிழை விடுகினம் எண்டு, அன்ரி.”

“பாருங்கோ, எங்களுக்கெண்டே படிக்கிறான்!” என்று வேரோனிக்கா பூரித்தார்.

கணவர் அகஸ்ரினுக்கும் வாய் நிற்கவில்லை. “ஆலைக்கு எதிரான மனுவில அரைவாசிக் கையெழுத்து நான்தான் போட்டனான், தம்பி. பிரச்சினை வருமோ?”

“வரும், அங்கிள்,” என்று ஜூலியஸ் மிகப் பணிவாகச் சொல்லி, அதைக் குறித்துக்கொண்டான்.

ஆலை பற்றிய விசாரணை நாளன்று முன்வரிசையில் அவனுக்கென ஓர் இருக்கையைப் பிடித்து வைத்துக் காத்திருந்தார் வேரோனிக்கா. அவனோ நேரே சென்று ஆலைக் கம்பனியின் சட்டத்தரணிகளுக்கு நடுவில் அமர்ந்தான்.

“தம்பி, இடம் மாறி இருந்திட்டீர்! இஞ்சால வாரும்!”

ஜூலியஸ் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னான்.

“இல்லை, அன்ரி. என்ர படிப்புக்குக் காசு கட்டுறதே இந்தக் கம்பனிதான்.”