மொட்டை டயர்

அந்தச் சக்கரம் இன்றைக்கு வெடித்தே தீரும் என்பது சபியாவுக்குத் தெரிந்துபோயிற்று.

"நிறுத்து! ஏலே இருளாண்டி, வண்டியை நிறுத்து!" திரைச்சீலையை விலக்கித் தலையை வெளியே நீட்டிக் கத்தினாள். முன்னால் இழுத்துக்கொண்டு போன ஜீப், பனைகளுக்கு நடுவே மணற்புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது.

ஜீப்புக்குப் பின்னால் மாட்டிய அந்தக் கூண்டு வண்டிக்குப் பெரியபட்டினத்தில் 'ஓடுற வீடு' என்று பெயர். கட்டில் உண்டு, ஜன்னல் உண்டு, ஜன்னலுக்குத் திரையும் உண்டு. சபியாவின் புருஷன் கொழும்பு வியாபாரக் காசில் செய்து வைத்தது. கந்தூரிக்குக் கந்தூரி வீட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஏர்வாடி தர்காவுக்குப் போய்வரும். மற்ற நாளெல்லாம் வாசல் வெயிலில் ஊருக்குக் காட்சியாக நிற்கும்.

இன்றைக்கு அந்தக் கட்டிலில் மருமகள் ஹமீதா பானு பிள்ளை வலியில் முனகிக்கொண்டு கிடந்தாள். முதல் பிள்ளை, ஜீப் வெளியூர் போயிருந்த நாளில், மாட்டுவண்டியில் போகிற வழியிலேயே தவறிப்போயிருந்தது. இந்தத் தடவையாவது இவளை ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால்... சபியாவுக்கு அதற்குமேல் நினைக்க நெஞ்சு துணியவில்லை.

ஜீப்பிலிருந்து மகன் சதக்கத்துல்லா குதித்து ஓடிவந்தான். "என்ன உம்மா? ஹமீதாவுக்கு என்ன ஆச்சு?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. சக்கரத்தைப் பாரு! ஒங்க வாப்பா தலை கணக்கா மொட்டையா இருக்கு!"

டிரைவர் இருளாண்டி குனிந்து பார்த்தான். "போன வருசம் ஜீப்புக்கு வாங்குனதும்மா. தேஞ்சதும் கழட்டி, ரெண்டு பக்கமும் இங்கன மாட்டியிருக்கேன். காத்தெல்லாம் நல்லாத்தான் நிக்கிது."

"நீ போட்டிருக்க செருப்பே இதைவிட நல்லா இருக்கு! ஸ்டெப்னியை எடுத்து மாட்டு!"

சும்மா சொல்லக்கூடாது, வண்டியின் முதுகில் பச்சைத் துணி போர்த்தித் தொங்கிய அந்த ஸ்டெப்னிதான் சபியாவின் பெருமை. ஒவ்வொரு கந்தூரிக்கும் இறக்கி, தேங்காயெண்ணெய் தேய்த்து மினுக்கி, தெரு பார்க்கத் தொங்கவிடுவாள். மருமகள் தலைக்குக்கூட அவ்வளவு எண்ணெய் போனதில்லை என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு.

"மாமி, போயிருவோம் மாமி," என்று ஹமீதா பல்லைக் கடித்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு. அந்த மொட்டையை நம்பி ஒன்னைய ஏத்திட்டுப் போக மாட்டேன்."

இருளாண்டி துணியை உருவினான். ஒரு வரிகூடத் தேயாத டயர், வெயிலில் கறுகறுவென்று மின்னியது. மினுமினுப்புக்குள்ளே மயிரிழை மயிரிழையாகக் கோடுகள் ஓடின. கம்பெனிக்காரன் போட்ட பூவேலை என்று சபியாவின் எண்ணம்.

"கல்யாணப் பொண்ணு கணக்கால்ல இருக்கு!" என்று இருளாண்டியும் வாயைப் பிளந்தான்.

கழற்றிய மொட்டையைக் கருவேலம் புதருக்குள் உருட்டிவிடச் சொல்லிவிட்டு சபியா உள்ளே ஏறினாள். தலை மறைந்ததும் அவன் அதைத் தூக்கி ஜீப்புக்குள் போட்டுக்கொண்டான். வீட்டில் எல்லோருக்கும் டயர் செருப்பு தைக்க அது போதும்.

வண்டி வேகமெடுத்தது. சபியா மருமகளைப் புது டயர் இருக்கிற பக்கமாக நகர்த்திப் படுக்கவைத்தாள். துணிமூட்டை, தண்ணீர்க் குடம், தன் கனத்த உடம்பு எல்லாவற்றையும் அந்தப் பக்கமே சேர்த்தாள். மறுபக்கத்து மொட்டை ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் "யா அல்லா!" என்று அவள் உயிர் தொண்டைக்கு வந்து திரும்பியது.

ரெகுநாதபுரம் தாண்டியதும் டமார் என்று ஒரு வெடி.

கட்டில் சரிந்தது. குடம் உருண்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பனைமரம் நேராக இவர்களைப் பார்த்து ஓடிவந்து, ஒரு முழம் தள்ளி நின்றது. ஹமீதாவிடமிருந்து சத்தமே இல்லை.

"ஹமீதா! ஏ கண்ணு! வாயைத் திறந்து பேசு!" கையை அவள் வயிற்றில் வைத்து அழுத்தினாள் சபியா. உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது.

"கையை எடுங்க மாமி, வலிக்குது."

போன உயிர் வந்ததும், கூடவே வாயும் வந்துவிட்டது. "வெடிச்சிருச்சா மொட்டை? நாந்தான் அப்பவே சொன்னேன்ல!" என்று கத்திக்கொண்டே இறங்கினாள்.

மொட்டை அதன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. புது டயர்தான் நார்நாராகக் கிழிந்து தொங்கியது.

இருளாண்டி மெல்ல ஜீப்புக்குப் போய், செருப்புக்கு ஒளித்து வைத்ததை எடுத்துவந்து மாட்டினான். இரண்டு மொட்டைகளும் சேர்ந்துதான் ஹமீதாவை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கின.

உள்ளே பிள்ளை வீறிட்டு அழுத பிறகுதான் சதக்கத்துல்லா பெஞ்சில் உட்கார்ந்தான். வழியில் பொறுக்கி வந்த டயர் துண்டு அப்போதும் அவன் கையில் இருந்தது. லேசாக மடக்கினான், காய்ந்த வறட்டி போலப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதுத் தகப்பன் தாடியைச் சொறிந்துகொண்டு தாயைப் பார்த்தான்.

"உம்மா, இந்த ஸ்டெப்னி எப்ப வாங்குனது?"

சபியாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒன் சுன்னத்துக்கு வாங்குனதுடா வாப்பா, புத்தம் புதுசு!"