கனி நானா கடை ஆள்

"இவன் என் கடை ஆளே இல்லீங்க" என்றார் கடைக்காரர் கனி. தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன்.

அப்போதுதான் விறகுச் சுமையை இறக்கிவிட்டு உள்ளே வந்த தங்கராஜு திகைத்துப் போனான். ஏழு வருஷமாக அந்தத் தோட்டத்துச் சாப்பாட்டுக் கடையில் அடுப்பு மூட்டுவதிலிருந்து பெஞ்சு துடைப்பது வரை எல்லாம் அவன்தான்.

பெஞ்சில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ராமகிருஷ்ணன் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். வாசலில் ஜப்பான் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியோடு நின்றான். ஆள் வைத்து நடத்தும் கடைகளில் ஆள்களின் பெயரை எழுதுகிறார்கள், பெயர் ஏறினால் அரிசி கிடைக்கும் என்று மூன்று நாளாகக் கூலிகள் குடியிருக்கும் லயமெல்லாம் ஒரே பேச்சு.

அரிசி! தங்கராஜுவின் மனைவி வள்ளிநாயகி பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகிறது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை ஓயாமல் அழுதது. இதெல்லாம் தெரிந்த கனியே இப்படிச் சொன்னால் வயிறு எரியாதா?

"நானா, நான் ஒங்க ஆளு இல்லாம வேற யாரு ஆளு?"

"நீ சும்மா இருடா!" கனி அவனை முறைத்துவிட்டுக் கிராணியிடம் திரும்பினார். "இவன் தனி ஆளுங்க. எங்கிட்ட பலகாரம் எடுத்துட்டுப் போயி வித்துக்கறான். அவன் லாபம் அவனுக்கு."

கிராணி தலை நிமிரவில்லை. "சட்டி பானையெல்லாம் யாருது?"

"நானாவுதுங்க." தங்கராஜு முந்திக்கொண்டான்.

"எத்தனை மணிக்கு வரணும், போகணும்னு சொல்றது யாரு?"

"அவருதாங்க! அஞ்சு மணிக்கு வரலைன்னா லயத்துக்கே வந்து கத்துவாரு."

கனிக்கு நெற்றி வேர்த்தது. பொய் அவருக்குப் பழக்கமில்லாத சரக்கு. இன்றைக்கு அதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"சரிங்க, மறைக்கல. இவன் என் கூட்டாளி. பொண்டாட்டி காதுத் தோட்ட வித்துப் பங்கு போட்டிருக்கான். கடையில பாதி இவனோடது. ரெண்டு பேருமே மொதலாளிங்க, ஆளுன்னு யாரும் கெடையாது."

தங்கராஜுவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நேற்றுவரை கூலி, அரிசி என்றதும் கூட்டாளி!

"எந்தத் தோடு? அவ காதுல ஈர்க்குச்சிதாங்க கெடக்கு. ஜப்பான்காரன் வந்ததிலேருந்து கடையில நட்டம். அதுல பாதிய என் தலையில கட்டப் பாக்கறாரு. எழுதுங்கய்யா, நான் கூலிதான்!"

கனி அவன் காலை மிதித்தார். அவன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"காய்ச்சல், கால்புண்ணு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார் கிராணி.

"ஒண்ணும் இல்லீங்க. மூட்டை தூக்கற ஒடம்பு."

கிராணி எழுதி முடித்தார். "விடியக்காலையில ஆபீசுக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டுச் சிப்பாயோடு அடுத்த கடைக்கு நடந்தார்.

ஜெயித்துவிட்ட சந்தோஷம் இருந்தாலும் தங்கராஜுவுக்கு மனசு ஆறவில்லை. "ஏழு வருஷம் ஒங்க உப்பத் தின்னேன் நானா. எங்க வீட்டுல நாலு பருக்கை வேகறது ஒங்களுக்குப் பொறுக்கலையா?" சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

சிப்பாய் கண்ணுக்கு மறைகிறவரை கனி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தங்கராஜுவை இழுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

"காலையில சிரம்பான்லேருந்து வந்த லாரிக்காரன் சொன்னான்டா... அரிசின்னு சொல்லி, ஆள் வச்சிருக்கற ஒவ்வொரு கடையிலேருந்தும் ஒரு ஆளப் புடிக்கறானுங்க, சயாம் காட்டுல ரயில் ரோட்டு போட. போனவன் ஒருத்தனும் திரும்பலையாம்டா!"