செய்தவர், சரிபார்த்தவர்

மதியம் இரண்டேகால். வல்லம் வடகால் மருந்துக் கம்பெனி வாசலில் நின்று, ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் ஒவ்வொரு ஆணின் கண்களையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள் தங்கமாரி.

தேடுகிறவனின் கண்கள்தான் தெரியும். முகம் தெரியாது.

பதினொரு மாதமாக அவனோடு ஒரே அறையில் வேலை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறை, வாயில் மாஸ்க், மெஷின் இரைச்சலுக்குக் காதில் ரப்பர் அடைப்பு. பேச்செல்லாம் விரலிலும் புருவத்திலும்தான்.

அவள் கொழுப்பை உருக்கி மருந்தைக் கலப்பாள். மெஷின் அதை வெந்நீரோடு சேர்த்து நசுக்கும். ஆறினால், மருந்தைப் பொதிந்துகொண்டு கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் கொழுப்பு உறையும்.

ஒவ்வொரு படிக்கும் தாளில் இரண்டு கையெழுத்து. செய்தவர்: தங்கமாரி. சரிபார்த்தவர்: ஜெபர்சன். கல்யாணப் பத்திரிகையில்கூட இரண்டு பெயர்கள் இத்தனை தடவை பக்கத்தில் பக்கத்தில் வராது.

அவள் ஊர் தென்காசிப் பக்கம். இங்கே ஹாஸ்டல் அறையில் ஆறு பேர், ஆளுக்கொரு ஷிஃப்ட். அவளைப் பார்த்துப் புருவம் உயர்த்துகிற ஒரே ஜீவன் அந்த ஜெபர்சன்.

இன்றோடு அவள் காண்ட்ராக்ட் முடிந்தது. சாயங்காலம் ரயில். 'வெளியே நில்லுங்க' என்று காலையில் விரலால் காட்டினாள். அவனும் தலையாட்டினான். எப்படி அடையாளம் காண்பது என்று யோசிக்க இருவருக்குமே தோன்றவில்லை.

போன வாரம்தான் டைரக்டர் எல்லாரையும் கேன்டீனில் நிறுத்தி நாற்பது நிமிடம் முழங்கினார். "நம்ம துகள், கோடிக்கணக்கான செல்லுக்கு நடுவுல தன் விலாசத்தைத் தானே கண்டுபிடிக்கும்." பிறகு அவருடைய காரைக் கண்டுபிடிக்க இரண்டு செக்யூரிட்டிகள் ஓடினார்கள்.

கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது.

பஸ்ஸில் தினமும் அவளுக்கு முன் சீட்டில் வரும் கறுப்புக் கண்ணாடிக்காரன் பக்கத்தில் வந்து நின்றான். வெயிலுக்கு ஜன்னல் ஷட்டரை இறக்கும்படி அவள் சொன்னதற்கு, "ஒனக்கு மட்டுமா பஸ் வுடுறாங்க?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தவன். அதிலிருந்து பஸ்ஸில் அவள் வாயே திறப்பதில்லை.

இன்று குரல் தணிந்திருந்தது. அவளைப் பார்க்காமல், வாசலைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஏம்மா, தங்கமாரின்னு ஒரு பொண்ணு... வெளிய வந்துடுச்சா?"

வியர்வையைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினான்.

அதே கண்கள்.

அவனிடம் கொடுக்க ஃபோன் நம்பர் எழுதி வைத்திருந்த தாள் அவள் உள்ளங்கையில் கசங்கியது. அந்தக் கண்களோடு இந்த வாயைச் சேர்க்க அவளால் முடியவில்லை.

"அவ அப்பவே போயிட்டாளே."

பஸ் கிளம்பியது. வழக்கம்போல அவளுக்கு முன் சீட்டில் அவன், நம்பாதவன் போல ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வாசலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வெயில் அவள் முகத்தில் அடித்தது. ஷட்டரை இறக்கச் சொல்லவில்லை.

வாசல் மறைகிறவரை பார்க்கட்டும்.