கடலுக்கடியில் மீன்கறி

ஸ்மைலினுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. முதன்முறையாக நீர்மூழ்கிக் கப்பலில் வேலைக்கு ஏறப்போகும் கணவன் ஜெபிஷ் போன் செய்ததும் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து ஒரு நீர்மூழ்கிப் படம் பாத்தேன். எஞ்சின் ரூம்ல தண்ணி கேறினதும், ஆளுகள உள்ள வச்சே கேப்டன் கதவ அடைக்கச் சொல்லுதாரு. நீங்க எஞ்சின் ரூமா?"

"இல்லட்டி, சமையக்காரன்."

"சோனார், டார்பிடோ வேல ஒண்ணும் இல்லியா?"

"கரண்டிதான்."

"அப்ப மீன்கறி எப்பிடி வைப்பிய?"

"மொதல்ல மீனப் போட்டு நல்லா வேகவைக்கணும். பொறவு புளி ஊத்தி, கடசியில தேங்கா அரச்சுச் சேத்துக் கொதிக்கவிடணும்."

ஸ்மைலின் அடுப்பில் கொதிக்கும் சட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குப் பயம் போச்சு. பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள்.

அடுப்பில் புளியும் அரைத்த தேங்காயும் நன்றாகக் கொதித்திருந்தன. மீன் துண்டுகள் கரைந்துவிடாமலிருக்க, அவற்றைக் கடைசியாகத்தான் போட்டாள். சட்டியை மூடத்தான் கை வரவில்லை.