தம்பியின் தாளம்

"சார், உங்க தம்பி ஒவ்வொரு பல்லவிக்கும் டிரம்ல ஒரு நூல் பிந்துறாரு. நேராக்கிடவா?" என்று கேட்டார் ஒலிப்பதிவாளர்.

"கை வைக்காதீங்க. சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தான்."

"தங்கச்சி கீபோர்டு முந்துதே?"

"அவ பொறந்ததே அவசரத்துலதான். விடுங்க."

பாட்டெழுதி, மெட்டமைத்து, பாடியும் இருந்த அண்ணன் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தம்பி, தங்கை வாசிப்பை வீட்டிலேயே பதிந்து எடுத்துவந்ததாகச் சொல்லியிருந்தார். வெளியாள் விரல் படாத குடும்பக் குழு என்பதில் அவருக்கு அத்தனை பெருமை.

"அவங்களையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க சார்."

"பார்க்கலாம்."

பாட்டு வானொலியில் ஒலித்த மறுநாள் தம்பி போனில் அழைத்தான்.

"அண்ணே, பாட்டு கேட்டேன். நானும் தங்கச்சியும் உங்களோட சண்டை போட்டுப் பிரிஞ்சு வருஷக்கணக்காச்சு. ரேடியோவுல எங்க பேரையும் சேர்த்துச் சொல்றாங்க. டிரம் வாசிச்சது யாரு? என் தப்புகூட அப்படியே இருக்கு!"

ஒத்திகை அறையில் டிரம்மும் கீபோர்டும் ஆளில்லாமல் நின்றன. குச்சி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையை அண்ணன் மெல்ல மூடிக்கொண்டார்.

"நீதான்டா வாசிச்சே" என்றார்.