குத்தாத விரல்

அடுக்ககத்தின் பொது மருத்துவக் காப்பீட்டிலிருந்து உடம்பு நன்றாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக மலிவான புதிய திட்டத்துக்குப் போய்விட்டார்கள். சேர ஒரு சொட்டு ரத்தம் போதும். நோயில்லை என்றால் செல்பேசியிலேயே சேர்ந்துகொள்ளலாம். மிஞ்சியவர்களுக்குத் தவணை ஏறிக்கொண்டே போனது.

"நாமளும் மாறிக்கலாங்க," என்றாள் மைதிலி. தன் விரலைக் குத்திப் பார்த்தாள். தேறிவிட்டாள். இன்னொரு ஊசியைக் கணவன் பூபதியிடம் நீட்டினாள்.

அவன் கையை மடக்கிக்கொண்டான். "பழசுலயே இருந்துக்கலாம்."

தண்ணீர் லாரிக்காரன் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலே சண்டைக்குப் போகிறவன் அவன். மைதிலி ஊசியைக் கீழே வைத்தாள்.

"என்ன பண்ணுது உங்களுக்கு? எங்கிட்டச் சொல்லுங்க."

"படியேறுனா நெஞ்சை அடைக்குது. என்னன்னு தெரியல. குத்திப் பார்த்தா காப்பீட்டுக் கம்பெனிக்கும் தெரிஞ்சுரும். அப்புறம் பழசுலயும் வெச்சுக்க மாட்டாங்க."

"டாக்டருகிட்ட?"

"அங்க போனாலும் தெரிஞ்சுரும் மைதிலி."

செல்பேசி அவளை மட்டும் அழைத்தது: 'நீங்கள் இன்றே மாறலாம்.' அவள் 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சில்லென்றிருந்தது.

உடனே அடுத்த கேள்வி வந்தது.

'ஆரோக்கியமாக இருந்தும் மாற மறுக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?'